சகலையின் ரோபோவும் என் கண்ணும்

வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்கு நாகர்கோவிலில் ரயில் ஏறினேன். திருவனந்தபுரம் எழுபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ஊர் பார்க்கவோ சாமி கும்பிடவோ போகவில்லை. சகலை தாணுவின் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ரோபோவைப் பார்க்கப் போனேன்.

தாணு என் மனைவி நீலாவின் தங்கை உமாவைக் கட்டியவன். எனக்கு நாகர்கோவில் கோணம் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறை; இரும்பு கடையும் கம்ப்யூட்டர் லேத்துகள் இரண்டு உண்டு. அவற்றில் உருப்படியை மாட்டிக் கழற்ற ஆள் நிற்பதில்லை. வேலை பழகியதும் வளைகுடாவுக்குப் பறந்துவிடுகிறார்கள். நானும் ரோபோ வாங்குவதென்றால் குடியிருக்கும் வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்க வேண்டும். திங்கட்கிழமை வங்கிக்குப் பதில் சொல்வதாக ஏற்றிருந்தேன். இதற்கிடையில் எங்கள் மாமனார், தாணுவின் ரோபோ வேலை செய்யும் வீடியோவைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு கல்யாண வீடு கல்யாண வீடாகக் காட்டிவருகிறார். என் லேத்தை அவர் ஒருநாளும் படம் பிடித்ததில்லை.

எட்டரைக்குத் திருவனந்தபுரம் தம்பானூர் நிலையம். வெறுங்கையோடு போகக் கூடாதென்று சாலைக் கடைத்தெருவில் நேந்திரங்காய் வறுவல் அரைக் கிலோ வாங்கினேன், இருநூறு ரூபாய். பழவங்காடிப் பிள்ளையார் முன் தேங்காய் சிதறிக்கொண்டிருந்தது. தாணுவின் ரோபோ படுத்துவிட வேண்டும் என்றுதான் வாயில் வந்தது. அது நன்றாயிருக்காது என்று கன்னத்தில் மட்டும் போட்டுக்கொண்டேன்.

தாணுவின் தொழிற்சாலை இருக்கும் பாப்பனங்கோட்டுக்கு ஆட்டோ நூற்றைம்பது ரூபாய்.

“எந்தா சேட்டா, ஜோலி விஷயமா?” என்றார் ஓட்டுநர்.

“ஒரு மெஷின் பார்க்கணும்.”

“பார்த்தா வாங்கத் தோணும். அதாணு குழப்பம்” என்று சிரித்தார்.

உமா தொழிற்சாலை வாசலிலேயே நின்றாள். “வாங்க அத்தான், அக்கா வரல்லியா?”

உள்ளே மஞ்சள் கம்பி வேலிக்குள் அது நின்றது. தட்டில் இருக்கும் இரும்பு வார்ப்பை அதன் உச்சியிலிருந்த கேமரா பார்க்கும்; கை குனிந்து எடுக்கும்; லேத்தின் கதவு திறக்கும்; மாட்டும்; முடிந்ததைக் கழற்றி அடுக்கும். சாப்பிடப் போகவில்லை, போன் பேசவில்லை, சம்பள உயர்வு கேட்கவில்லை. தாணு என் பக்கத்தில் கைகட்டி நின்று கொட்டாவி விட்டான். அந்தக் கொட்டாவி எனக்குப் பொறுக்கவில்லை. முதலாளி கொட்டாவி விடும்படி என் பட்டறை ஒருநாளும் ஓடியதில்லை.

கணக்கும் போட்டுப் பார்த்தேன். தாணு வருஷம் முழுக்க ஒரே கம்பெனிக்கு ஒரே உருப்படி செய்கிறான். எனக்கோ காலையில் மோட்டார் தண்டு, மதியம் புஷ் வளையம், சாயங்காலம் யாரோ ஒருவருடைய டிராக்டருக்கு முளையாணி. ஒவ்வொன்றுக்கும் ரோபோவின் விரலை மாற்றி, மறுபடி சொல்லிக்கொடுக்க வேண்டும். எனக்கு ஒத்துவராது என்று புத்திக்குப் புரிந்தது. கண்தான் அதை விட்டு நகர மறுத்தது.

பத்தரைக்கு ஓட்டத்தை நிறுத்திவிட்டு எல்லோரும் சாயா குடித்தோம். திரும்பி வந்து பொத்தானை அமுக்கியதும் சிவப்பு விளக்கு எரிந்தது. கை அசையவில்லை.

டெக்னீஷியன் பெண் திரையைப் பார்த்துவிட்டு, “சாரே, இதுக்கு ஒண்ணும் காணான் பற்றுன்னில்ல” என்றாள். ரோபோவுக்குக் கண் தெரியவில்லையாம்.

நெஞ்சில் பால் வார்த்தது போலிருந்தது எனக்கு. அடுத்த நொடியே பயந்தேன். எல்லோரும் என்னையே பார்ப்பதாகத் தோன்றியது.

அவள் வேலிக்குள் போய் ஸ்டூலில் ஏறி, கேமராவைத் துடைத்தாள். துணியில் கறுப்பாக வந்தது. கண் மை!

உமாவின் முகம் வெளிறிவிட்டது. “நான்தான் வச்சேன்... நீங்கல்லாம் சாயா குடிக்கப் போனப்போ. அதை நெத்தின்னுல்லா நினைச்சேன்.”

“இதுக்கெதுக்குட்டி திருஷ்டிப் பொட்டு?” என்றான் தாணு.

“அத்தான் கண்ணெடுக்காம பாத்துக்கிட்டே நின்னாங்களா...” என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

தாணு விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். காது மடல் சுட்டது. யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததை அவள் அரைமணி நேரத்தில் படித்துவிட்டாள். ரோபோ மறுபடி ஓடத் தொடங்கியது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மத்தியான ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பாறசாலை தாண்டும்போது நீலா அழைத்தாள்.

“எப்பிடி இருக்கு?”

“ரொம்ப நல்லா இருக்கு. நமக்கு வேண்டாம்.”

“வயித்தெரிச்சல்லயா சொல்லுதிய?”

அவளுமா என்று முதலில் கோபம் வந்தது. எதிர் இருக்கைக்காரர் கேட்டாலும் கேட்கட்டும் என்று உண்மையைச் சொன்னேன். “வயித்தெரிச்சல் இருக்கு நீலா. அது வாங்கு வாங்குன்னுதான் சொல்லுது. வீட்டை அடகு வச்சு உங்க அப்பாவுக்கு வீடியோ எடுத்துக் குடுக்க என்னால முடியாது.”