யோசேப்பைத் தேடிய ஒன்பது நாட்கள்

அந்தத் தையல்காரிக்கு ஓரிடத்தில் கால் தரிக்கவில்லை. அம்மா இறந்து பதினோரு நாளாகியும் அண்ணனுக்குச் சேதி சொல்ல முடியவில்லை. அவன் போன் எண் எப்போதோ செத்துவிட்டது. கடைசியாக அவன் பேசியது துறைமுகத்திலிருந்து, இரண்டு வருடத்துக்கு முன்பு. கடையைப் பூட்டிவிட்டு அந்தத் துறைமுகத்துக்கே கிளம்பிவிட்டாள்.

"யோசேப்புன்னு ஒருத்தர். இடது புருவத்துல வெட்டுத் தழும்பு இருக்கும்," என்று ஒவ்வொரு பட்டறையாகக் கேட்டாள். எல்லோரும் உதட்டைப் பிதுக்கினார்கள். மூன்றாம் நாள், ஆட்களுக்கு நுழைவுச் சீட்டு எழுதும் குமாஸ்தா இரக்கப்பட்டார்.

"இங்க அந்தப் பேருக்குப் பஞ்சமே இல்லம்மா. ஜோசப், யூசுப், ஹொசே, ஜுசெப்பே எல்லாம் ஒரே பேருதான். ஊருக்கு ஊர் வாய் மாறுது. இதுல எந்தப் பேரைன்னு தேடுவீங்க?"

"எல்லாத்தையும் தேடுறேன்."

"எபிரேய மொழியில 'கடவுள் இன்னும் சேர்த்துக் கொடுப்பார்'னு அர்த்தம். பிள்ளை பெத்த தாய், இன்னொண்ணும் வேணும்னு ஆசைப்பட்டு வச்ச பேராம்."

அவள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அண்ணனுக்குப் பிறகு பிறந்த அந்த இன்னொன்று அவள்தான்.

மறுநாளிலிருந்து பேர்களைத் தாளில் எழுதிக்கொண்டு அலைந்தாள். ஒரு யூசுப் ஏணியிலிருந்து இறங்கி வந்து தண்ணீர் கொடுத்தார். ஒரு ஜோசப்புக்கு எழுபது வயது. அவள் செருப்பு வார் அறுந்தது. ஊக்கு மாட்டி நடந்தாள். ஒன்பதாம் நாள், முன்பு கப்பலில் இருந்த சமையல்காரர் ஒருவர் அவள் தாளைப் பார்த்துச் சிரித்தார்.

"முக்கியமானதை விட்டுட்டீங்களே! கப்பல்ல ஸ்பானியக்காரங்க ஹொசேயைச் செல்லமா 'பெப்பே'ன்னுதான் கூப்பிடுவாங்க. அவங்ககூடப் பழகி அந்தப் பேரு ஒட்டிக்கிட்ட, கிரேன் ரிப்பேர் பாக்குற பெப்பேவுக்குப் புருவத்துல தழும்பு இருக்கு."

கிரேனுக்கு அடியில் மல்லாந்து கிடந்த அண்ணன், அவளைக் கண்டதும் எழுந்தான். அம்மா இறந்ததை அவள் சொன்னாள். அவன் திரும்பி ஒரு போல்ட்டை முறுக்கினான், கழற்றினான், மறுபடி முறுக்கினான்.

"என்னைக் கேட்டாங்களா?"

"மூச்சுக்கு மூச்சு. 'பெரியவன் வந்துட்டானா'ன்னு."

ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, "நீ முன்னாடி போ. ரெண்டு நாள்ல வர்றேன்," என்றான்.

"உன்னை நம்பி நான் போறதா? நல்லா இருக்குண்ணா கதை!"

வேலை முடியும்வரை வாசலிலேயே காவல் நின்று, கையோடு வீட்டுக்குக் கூட்டிவந்தாள். மூன்று வாரம் இருந்தான். கதவு, குழாய், அவளுடைய தையல் மெஷின் என்று கண்ணில் பட்டதையெல்லாம் பழுது பார்த்தான். பிறகு பையைத் தூக்கினான். அவள் தடுக்கவில்லை. இப்போது ஞாயிறுதோறும் போன் செய்கிறான். அவன் குரலுக்குப் பின்னால் எப்போதும் இரும்பு அடிக்கும் சத்தம்.