லீவு எடுக்காத ரீச்சர்

அம்மாவின் முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிக்க வேண்டும். அவர் படிப்பித்த ஆரம்பப் பாடசாலையின் பழைய அதிபர் இரண்டு பக்கத்தில் அஞ்சலி எழுதி, வீடு தேடி வந்து என் கையில் தந்துவிட்டுப் போனார். "சேவைக்காலம் முழுவதும் ஒருநாள்கூட லீவு எடுக்காத இலட்சிய ஆசிரியை" என்று அதில் ஒரு வரி. வாசித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடேயப்பா, என்ன நெஞ்சழுத்தம்! லீவு கொடுக்காத மனுசனே அவர்தானே.

அப்போது எனக்கு ஏழு வயது. அம்மாவின் வகுப்பில்தான் இரண்டாம் ஆண்டு படித்தேன். பள்ளிக்கூடத்தில் அவரை நான் 'ரீச்சர்' என்றுதான் கூப்பிட வேண்டும். மற்றப் பிள்ளைகள் வாய்தவறி 'அம்மா' என்றால், "ஓம் குஞ்சு, சொல்லு" என்று உருகிப்போவார். நான் சொன்னால் ஒரு முறைப்பு. ஊர்ப்பிள்ளைகள் எல்லாம் அவருக்குப் பிள்ளைகள், நான் மட்டும் மாணவி.

ஒருநாள் விடிய எனக்கு அனல்போலக் காய்ச்சல். அப்பா கொழும்பில் வேலை. அம்மா என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு நேரே அதிபரிடம் போய், ஆஸ்பத்திரிக்குப் போக அரைநாள் லீவு கேட்டார். அந்த மகாராசா தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"இண்டைக்குக் கல்விக் கந்தோராலை ஆக்கள் வருகினம். உம்மடை வகுப்பை ஆர் பாக்கிறது, நானே? பிள்ளையை எங்கையாவது படுக்க வையும்."

"ஓம் சேர்" என்றார் அம்மா. அவ்வளவுதான். ஒரு சொல் எதிர்த்துக் கதைக்கவில்லை.

விளையாட்டுச் சாமான்கள் போட்டு வைக்கும் அறையில், சாக்குகளின் மேல் என்னைப் படுக்க வைத்தார். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் ஆடிப்பாடிப் படிப்பிப்பதும் பிள்ளைகள் சிரிப்பதும் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. இடையிடையே ஓடிவந்து கழுத்தில் கைவைத்துப் பார்த்துவிட்டு, கண் கலங்க ஓடிவிடுவார். பள்ளிக்கூடத்தைப் பார்வையிட வந்த கந்தோர்க்காரர் அந்த வகுப்பை ஆகா ஓகோ என்று புகழ்ந்தார்களாம். அதிபர் அவர்களோடு இருந்து தேத்தண்ணி குடித்தார். பள்ளிக்கூடம் விட்ட பிறகுதான் நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒரு கிழமை, முழுசாய் ஏழு நாள், அங்கேயே கிடந்தேன். அந்த ஒரு கிழமையும் அம்மா விடியப் பள்ளிக்கூடம் போய்ப் பின்னேரம்தான் என்னிடம் வந்தார்.

கனடாவில் இருக்கும் அண்ணையிடம் போனில் இதையெல்லாம் சொல்லி, அந்த வரி வேண்டாம் என்றேன்.

"உந்த வரியை வெட்டிப்போடாதை, தங்கச்சி. அம்மா இருந்திருந்தா எவ்வளவு சந்தோசப்பட்டிருப்பா தெரியுமே?"

அங்கே இருந்துகொண்டு தீர்ப்புச் சொல்ல அவருக்கு நன்றாகத்தான் வரும். ஆனால் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அவர் சொன்னது உண்மை. பென்சன் எடுத்த பிறகும் வீட்டுக்கு வருகிற எல்லாரிடமும் அம்மா, "நான் ஒருநாளும் லீவு போடேல்லை" என்று பெருமை அடித்துக்கொண்டிருந்தார். அந்த வரியைக் கண்டிருந்தால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வாசித்திருப்பார். அதிபரைத் திட்டுவது சுலபம். அம்மாவை நான் என்ன செய்ய? உயிராய் நேசித்த மனுசியோடு, அவர் போன பிறகு சண்டை பிடிப்பது என்ன விசர் வேலை!

பேனையை எடுத்து அந்த வரியை வெட்டிவிட்டேன். அம்மாவுக்குப் பிடித்திருக்காது. பிடிக்காமல் போகட்டும். அன்றைக்குக் காய்ச்சல் காய்ந்தது அவருக்கில்லை, எனக்கு.