கேசரி வைக்காத இலை

ஆகஸ்ட் 15, காலை பத்து மணி. மலேசியாவின் ஈப்போ ரயில் நிலையத்தில் நானும் என் மருமகள் மியோவும் இறங்கினோம். பினாங்கில் வேலை பார்க்கும் மகனுக்கு லீவு கிடைக்கவில்லை. மதுரையில் முப்பது வருடம் வரலாறு நடத்திய நான், ஜப்பானிய மருமகளோடு தனியாகப் போகும் முதல் பயணம் இது. அவள் முகம் ஒரு நொடி வாடினாலும் எனக்குத் தாங்காது. அவளுடைய தண்ணீர் பாட்டிலைக்கூட நான்தான் சுமந்தேன்.

பழைய ரப்பர் தோட்டம் ஒன்றைப் பார்க்க வேண்டும் என்றதும் டாக்சிக்காரர் செல்வம், போய்வர எண்பது ரிங்கிட் என்றார். நான் பேரத்துக்கு வாயெடுத்தேன்.

"நான் பொறந்த தோட்டத்துக்கே கூட்டிட்டுப் போறேன்க்கா. இன்னிக்கு அங்க எங்க அக்கா வீட்டுல படையல். சாப்பாடும் சேத்துத்தான் லா."

சாப்பாடு என்றதும் பேரம் படுத்துவிட்டது.

பத்து காஜா என்ற ஊரைத் தாண்டி, மொத்தம் இருபத்தெட்டு கிலோமீட்டர். ரப்பர் மரம் ஒன்றுகூட மிச்சமில்லை, எல்லாம் பாமாயில் எடுக்கும் செம்பனை. பதினொன்றரைக்குச் செல்வத்தின் அக்கா லெட்சுமி வீட்டில் இருந்தோம். சாமி படத்தின் முன்னால் ஒரு பெரிய இலை. இரண்டாம் உலகப் போரில் சயாம்-பர்மா ரயில்பாதை போட ஜப்பான்காரர்கள் இந்தத் தோட்டத்திலிருந்து பிடித்துக்கொண்டு போய், திரும்பி வராதவர்களுக்கு அது. பாதிப் பேருக்குப் பெயர் தெரியாததால் எல்லோருக்கும் ஒரே இலை. லெட்சுமி அதைச் சொல்லக் கேட்டு மியோ தலைகுனிந்து கும்பிட்டாள்.

பந்தியில் அவள் கேசரியை முதலில் காலி செய்து இன்னும் கேட்டாள். லெட்சுமி உருகிப்போனார். வந்தது வினை, மியோ தனக்குத் தெரிந்த தமிழில் கேட்ட அடுத்த கேள்வியில்.

"செத்தவங்க படையலில் ஏன் இனிப்பு?"

"எங்க தாத்தா மட்டும் திரும்பி வந்தாருல்ல," என்றார் செல்வம் உற்சாகமாக. "ஹிரோஷிமாவுல குண்டு போட்டான், இதே தேதியில சண்டை நின்னுச்சு, தாத்தா வீடு வந்தாரு. அந்தக் குண்டுக்குத்தான் வருஷா வருஷம் கேசரி."

நான் மியோவின் பக்கம் திரும்பினேன்.

"நான் ஹிரோஷிமா," என்றாள் மியோ.

செல்வம் கையை இலையிலிருந்து எடுத்துவிட்டார். "பினாங்கு சீனப் பொண்ணுன்னுல்ல நெனச்சேன். மன்னிச்சிக்கம்மா." பிறகு, "ஆனா அது விழலன்னா நான் இல்ல. பொய் சொல்ல வாய் வரல," என்றார்.

"அது விழுந்தது, என் பாட்டியின் தங்கச்சி இல்லை. ஏழு வயசு." மியோ வார்த்தை தேடினாள். "தாத்தா வந்தது நல்லது. குண்டுக்கு நான் நன்றி சொல்ல மாட்டேன்."

அவள் எழுந்துவிடுவாள் என்று பயந்தேன். எழவில்லை. யாரும் சாப்பிடவும் இல்லை.

"அந்தப் பிள்ளை பேரு என்ன?" என்று கேட்டார் லெட்சுமி.

"ஹருகோ."

லெட்சுமி ஒரு சின்ன இலையை நறுக்கி, பெரிய இலைக்குப் பக்கத்தில் போட்டார். சோறு வைத்தார், பருப்பு வைத்தார். கேசரிக் கரண்டியை எடுத்தவர், சட்டியிலேயே திரும்ப வைத்துவிட்டார். ரம்புத்தான் பழங்கள் நாலைந்தை உரித்து அந்த இலையில் வைத்தார். மியோ அப்போதுதான் அழுதாள். நானும்தான்.

நான்கு மணிக்குத் திரும்பும் ரயில். "போரை முடிக்க அணுகுண்டு வீசியது சரியா?" என்று வகுப்பில் வருடந்தோறும் நான் கேட்ட கேள்வியை மியோவிடம் சொன்னேன். சரி, போர் நின்றது என்று எழுதியவர்களுக்கு முழுசாகப் பத்து மதிப்பெண் போட்டதையும் மறைக்கவில்லை.

"இப்போ எவ்வளவு போடுவீங்க, அத்தை?"

எனக்குத் திருத்தத் தெரியவில்லை என்றேன். அவள் என் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து, மூடியைத் திறந்து, முதலில் எனக்கு நீட்டினாள்.