நம்பர் இல்லாத டாக்டர்

“இது மூணு ஆளாக்கும், மேடம்.”

திருவனந்தபுரத்தில் டாக்டர்களைப் பதிவு செய்கிற அலுவலகத்தில், கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருந்த குமாஸ்தா என் மூன்று காகிதங்களையும் மேசைமேல் வரிசையாகப் பரப்பி, ஒவ்வொன்றின் மேலும் பேனா மூடியால் ஒரு தட்டுத் தட்டினார். பள்ளிச் சான்றிதழில் என் பெயருக்கு முன்னால் இனிஷியல் இருந்தது. எம்.பி.பி.எஸ். பட்டத்தில் அதே இனிஷியல் பெயருக்குப் பின்னால் போயிருந்தது. சென்னையிலிருந்து வந்த கடிதத்தில் இனிஷியலே இல்லை. அந்த ஓர் எழுத்தை விரித்து என் அப்பாவின் முழுப்பெயரையும் எழுதியிருந்தார்கள்.

“மூணும் நான்தான் சார். அது என் அப்பா பேரு.”

“அப்பாவும் டாக்டரா?”

“இல்லை. தபால்காரர்.”

“பின்னே அவரோட பேரு இந்த லெட்டர்ல எப்படி வந்தது?”

விளையாட்டாகக் கேட்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அன்றைக்கு நான் ஏன் சிரித்தேன் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேலேயே எரிச்சல் வருகிறது.

தொண்ணூறுகளின் கடைசி அது. நாகர்கோவில் பக்கத்தில் பிறந்து, திருநெல்வேலியில் மருத்துவம் படித்து, ஒரு வருடம் ஹவுஸ் சர்ஜனாகப் பகலும் இரவும் உழைத்து, தமிழ்நாட்டில் டாக்டராகப் பதிவும் செய்திருந்தேன். கல்யாணமாகித் திருவனந்தபுரம் வந்தேன். கணவர் வீட்டார் மூன்று தலைமுறையாக, சாலை என்கிற கடைத்தெருவில் இரும்புச் சாமான் வியாபாரம் செய்கிறவர்கள். கேரளத்தில் வைத்தியம் பார்க்க வேண்டுமென்றால் பதிவை இங்கே மாற்றிக்கொள்ள வேண்டும். அதற்குத் தமிழ்நாட்டிலிருந்து ‘ஆட்சேபணை இல்லை’ என்று ஒரு கடிதம் வர வேண்டும். விண்ணப்பித்தேன், கொடுத்தார்கள். கொடுத்த கையோடு அங்கே இருந்த என் பதிவை நீக்கியும் விட்டார்கள். இங்கே சேர்ப்பதற்கு மூன்று பேரில் யார் நான் என்று தெரியவில்லை. ஆக, நான் எந்த மாநிலத்திலும் டாக்டர் இல்லை.

“என்ன செய்யணும், சார்?”

“மூணும் ஒரே ஆள்னு வில்லேஜ் ஆபீஸ்லேர்ந்து ஒரு சர்ட்டிபிகேட் கொண்டுவரணும்.”

வில்லேஜ் ஆபீஸுக்குப் போனேன். கிழக்கேகோட்டையிலிருந்து நடந்து போகிற தூரம்தான். அங்கிருந்த அதிகாரி காகிதங்களைப் புரட்டிவிட்டு, “நிங்க பிறந்தது, படிச்சது எல்லாம் தமிழ்நாட்டுல அல்லே? அங்கதான் தரணும்” என்றார். சரி என்று ஊருக்கு பஸ் ஏறினேன். அப்பாவும் என்னோடு கிராம நிர்வாக அலுவலரிடம் வந்தார். அப்பா ஓய்வு பெற்று அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. பாதி முகவரி எழுதிய கடிதத்தையும் உரிய ஆளிடம் கொண்டுபோய்ச் சேர்த்தவர். ஒரே தெருவில் ஒரே பெயரில் நான்கு பேர் இருந்தால் கையெழுத்தைப் பார்த்தே யாருக்கு வந்த கடிதம் என்று சொல்லிவிடுவார்.

“இவ என் மக. ஊருக்கே தெரியும். ஒரு தாள்ல எழுதித் தாரும்” என்றார் அப்பா.

“எனக்கும் தெரியும் அண்ணாச்சி. நீங்க மணியார்டர் கொண்டாந்து தந்த வீடுதானே எங்க வீடு. ஆனா தாளுக்குத் தெரியாதுல்லா? ரேஷன் கார்டுல பேரு வெட்டியாச்சு. இப்ப அவ கேரளாக்காரி. நான் எப்படித் தர முடியும்?”

என்னை பஸ் ஏற்றிவிட அப்பா வந்தார். பஸ் ஸ்டாண்டில் எனக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, “என் பேர வச்சு ஒனக்கு இப்படி ஒரு கேடு” என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அந்தக் குமாஸ்தாவை நான் மன்னிக்கப் போவதில்லை.

பதிவு அலுவலகத்துக்கு மறுபடியும் போனேன். சான்றிதழ் கிடைக்கவில்லை என்றதும் குமாஸ்தாவுக்கு வேறொன்று நினைவு வந்தது. நகல்களில் கெஜட்டட் அதிகாரி கையெழுத்து வேண்டும். அது ஆயிற்று. அடுத்த முறை, ஹவுஸ் சர்ஜன் முடித்த சான்றிதழின் அசல். அதற்கடுத்து, நன்னடத்தைச் சான்றிதழ். அதையும் கொண்டுபோனால், போட்டோவில் பின்னணி நீலமாக இருக்கிறது, வெள்ளை வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒன்றைத்தான் சொல்வார். “மொத்தமா என்னென்ன வேணும்னு ஒரு லிஸ்ட் தாங்க சார், ஒரே தடவையா கொண்டாந்துடறேன்” என்று கேட்டேன். “லிஸ்ட் ஒண்ணும் இல்லை. நோக்கீட்டு சொல்லுவோம்” என்றார். ஓர் ஆள் மருத்துவம் பார்க்கத் தகுதியானவரா இல்லையா என்று முடிவு செய்கிற இடத்தில், அந்தத் தகுதி என்ன என்று ஒரு காகிதத்தில்கூட எழுதி வைக்கவில்லை.

என் கணவர் பொறுமைசாலி. “ஆபீஸ் காரியம் அப்படித்தான், கொஞ்சம் க்ஷமி. நம்ம கடைக்கு வர்ற ஒருத்தருக்கு செக்ரட்டேரியட்ல நல்ல பரிச்சயம் உண்டு. ஒரு வார்த்தை சொல்லட்டா?” என்றார்.

“நான் நேர்மையா பாஸ் பண்ணினவ. எனக்கு எதுக்குச் சிபாரிசு?” என்று கத்தினேன். அவர் எழுந்து கடைக்குப் போய்விட்டார். சாலையில் அவர் கடைக்கு நாலு கடை தள்ளி ஒருவர் பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ என்று பெரிதாகப் போர்டு மாட்டி மூலத்துக்கு மருந்து விற்றுக்கொண்டிருந்தார். அவரிடம் யாரும் இனிஷியல் கேட்கவில்லை.

லைசென்ஸே வேண்டாம் என்று நான் ஒரு நாளும் சொல்லமாட்டேன். அந்த மூல டாக்டரைப் போன்ற ஆட்களிடமிருந்து ஜனங்களைக் காப்பாற்றத்தான் அது இருக்கிறது. என் கோபம் அதனால்தான் பெரிதாயிற்று.

நான்காம் மாதம் ஒரு சின்னத் தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். அதை நடத்திய பெரிய டாக்டர் தொழிலில் கெட்டிக்காரர், நல்லவரும்கூட. நிலைமையைச் சொன்னதும், “நீ ஓ.பி. பாரு மோளே. சீட்டில என் சீல் போட்டா மதி, அது போதும். ரிஜிஸ்ட்ரேஷன் வந்ததும் உன் பேர்ல பார்க்கலாம்” என்றார். தப்பு என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒப்புக்கொண்டேன். வீட்டில் உட்கார்ந்திருந்தால் படித்தது மறந்துபோகும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நான் நோயாளியைப் பார்ப்பேன், மருந்து எழுதுவேன், நர்ஸ் மேசை டிராயரிலிருந்து அவருடைய சீலை எடுத்துக் குத்துவாள். அவர் மாலையில் வந்து மொத்தமாகக் கையெழுத்துப் போடுவார். கையெழுத்துப் போடாமல் விட்டுப்போனவையும் உண்டு. யாரும் ஒன்றும் கேட்டதில்லை.

அப்படி ஒரு நாள் காலையில் ஒரு பெண் வந்தாள். விதுராவுக்கு மேலே மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். டவுனில் தமிழ் பேசுகிற ஒரு பெண் டாக்டர் இருப்பதாக யாரோ சொல்லி, மகளைக் கூட்டிக்கொண்டு நெடுமங்காடு வழியாக இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள்.

“மேடு ஏறுனா மூச்சு முட்டுது டாக்டரம்மா. ராத்திரி படுக்க முடியல, எந்திரிச்சு உக்காந்துக்கிறேன். தோட்டத்து ஆசுபத்திரில சளின்னு மாத்திரை குடுத்தாங்க.”

ஸ்டெதாஸ்கோப்பை வைத்தேன். சளி இல்லை. இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப்போயிருந்தது. சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததுண்டா என்று கேட்டேன். உண்டு என்றாள். உடனே மெடிக்கல் காலேஜுக்குப் போகச் சொன்னேன். அன்றைக்கே படுக்க முடியாது, வீட்டில் இன்னொரு சின்னப் பிள்ளை இருக்கிறது, அடுத்த வாரம் மாமியார் வந்ததும் வருகிறேன் என்றாள். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. அதுவரைக்கும் மருந்து எழுதினேன். மேடு ஏறவே கூடாது, கூடை தூக்கவே கூடாது என்றேன்.

“சும்மா இருந்தா பேரு வெட்டிருவாங்க. ஒரு லீவு சீட்டு எழுதிக் குடுங்க” என்றாள்.

பெரிய டாக்டர் அன்று கொச்சிக்குப் போயிருந்தார். சீல் டிராயரில் இருந்தது. நர்ஸ் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். மருந்துச் சீட்டு வேறு. இந்தச் சான்றிதழ், ‘இவரை நான் பரிசோதித்தேன்’ என்று ஆரம்பிக்கிறது. பரிசோதித்தது நான். அவர் இந்தப் பெண்ணின் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. அத்தனை மாதம் வராத நேர்மை எனக்கு அன்று பார்த்து வந்தது. சீலை உள்ளே வைக்கச் சொல்லிவிட்டு, நோயின் பெயரை எழுதி, இரண்டு வாரம் முழு ஓய்வு என்று எழுதி, கீழே என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பதிவு எண் என்று இருந்த இடத்தைக் காலியாக விட்டேன்.

தோட்டத்து ஆபீஸில் அந்தச் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நம்பர் இல்லை, இது செல்லாது. மூன்றாம் நாள் அவள் கூடையை மாட்டிக்கொண்டு மேடு ஏறினாள். பாதிச் சரிவில் நுரை நுரையாக இருமி விழுந்திருக்கிறாள். ஜீப்பில் போட்டு மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டுவந்தார்கள். மகள் எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்து சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

நான் போய்ப் பார்த்தபோது மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண்டம் தாண்டிவிட்டாள் என்று டியூட்டி டாக்டர் சொன்னார். நுரையீரலில் நீர் கோத்து மயிரிழையில் தப்பியிருந்தாள். கட்டில் ஓரம் போய் நின்றேன். அவள்தான் பேசினாள்.

“நீங்க எழுதித்தான் குடுத்தீங்க. அவுங்கதான் எடுக்கல. நம்பரு இல்லன்னாங்க.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். “நம்பருன்னா என்ன டாக்டரம்மா? படிச்சா குடுப்பாங்களா, அதத் தனியா வாங்கணுமா?”

அவள் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். வெளி வராந்தாவில் நின்று அழுதேன். அவளுக்காக மட்டும் இல்லை. சீலைக் குத்தியிருந்தால் அவள் வீட்டில் படுத்திருப்பாள். பொய் சொல்லியிருந்தால் காப்பாற்றியிருக்கலாம், உண்மையை எழுதிக் கொல்லப் பார்த்தேன் என்றே தோன்றியது.

மறுநாள் அலுவலகம் திறக்கும்போதே கவுண்டர் முன்னால் நின்றேன். இன்றைக்குச் சண்டை போடாமல் திரும்புவதில்லை என்றுதான் போனேன். என்ன பேச வேண்டும் என்று ஆட்டோவிலேயே சொல்லிப் பார்த்திருந்தேன். ஆனால் அந்த நாற்காலியில் அவர் இல்லை. மாற்றலாகிப் போய்விட்டாராம். ஓய்வு பெறுகிற வயதில் ஓர் அம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் காகிதக் கட்டை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“எல்லாம் உண்டல்லோ. பின்னே எதுக்கு இத்தனை நாள்?”

பெயர் விஷயத்தைச் சொன்னேன். இரண்டு வில்லேஜ் ஆபீஸ் கதையையும் சொன்னேன்.

“ஐயோ, இதுக்கு வில்லேஜ் ஆபீஸ் எதுக்கு? மூணு பேரும் நான்தான்னு ஒரு அஃபிடவிட் போதுமே. முத்திரைத்தாள்ல எழுதி நோட்டரி கிட்ட ஒப்பு வாங்கிட்டு வா. கோர்ட்டுப் பக்கம் போனா அரை மணிக்கூர்.”

“வில்லேஜ் ஆபீஸ்லதான் வாங்கணும்னு இங்கதான் சொன்னாங்க மேடம்.”

“எழுதித் தந்தாங்களா?”

“இல்லை.”

“பின்னே?” என்றார்.

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்தப் ‘பின்னே?’யை என்னால் தாங்க முடியவில்லை. எழுதித் தராத ஒன்றை நம்பியது என் குற்றமாம். பதினொரு மாதம் போனது, அப்பா தலைகுனிந்தது, மலைச்சரிவில் ஒரு பெண் விழுந்தது, எல்லாவற்றுக்கும் பதில் அந்த ஒரு சொல்தான்.

அன்று மத்தியானமே அஃபிடவிட்டைக் கொண்டுவந்து கொடுத்தேன். ஒன்பதாம் நாள் பதிவுச் சான்றிதழ் கைக்கு வந்தது. கணவர் பாயசம் வைக்கச் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். பெரிய டாக்டரிடம் போய், இனிமேல் என் நோயாளிக்கு என் கையெழுத்துதான் என்றேன். “அது நல்ல காரியம்தானே மோளே” என்று எழுந்து கைகொடுத்தார்.

அந்தப் பெண்ணுக்கு வால்வை விரித்துவிட்டார்கள். வீட்டுக்குப் போகும் முன் என்னிடம் வந்தாள். மூன்று மாதம் இலகுவான வேலை தர வேண்டும் என்று எழுதி, என் சீலைக் குத்தி, நம்பரைப் போட்டுக் கொடுத்தேன். தோட்டத்து ஆபீஸில் படித்துக்கூடப் பார்க்கவில்லையாம், நம்பர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக் கோப்பில் வைத்துவிட்டார்களாம். மகள் சந்தோஷமாக வந்து சொன்னாள். நோயின் பெயரை நான் தப்பாக எழுதியிருந்தாலும் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு டைப்பிங் கடையில் உட்கார்ந்து, வேறு மாநிலத்திலிருந்து வருகிற டாக்டர் என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று வரிசையாகச் சொல்லி ஒரு பக்கம் அடித்தேன். போட்டோவின் பின்னணி நிறம் வரை எழுதினேன். பதிவு அலுவலக வராந்தாத் தூணில் பசை தடவி ஒட்டினேன். அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் கிழித்திருந்தார்கள். மறுபடி ஒட்டினேன். மூன்றாம் முறை சூப்பரண்டு கூப்பிட்டு, “யாருடைய அனுமதியில ஒட்டினீங்க?” என்று கேட்டார்.

“இதுல தப்பா ஏதாவது இருக்கா சார்?”

வாசித்துப் பார்த்தார். “தப்பு ஒண்ணும் இல்லை.”

“அப்போ நீங்களே ஒட்டுங்க.”

அவர் ஒட்டவில்லை. பிரதி எடுத்து, கவுண்டரில் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்ற இளம் டாக்டர்கள் கையிலெல்லாம் கொடுக்க ஆரம்பித்தேன். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பையில் பத்துப் பிரதி வைத்திருப்பேன். இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் கழித்து அவர்களே ஒரு போர்டு எழுதி மாட்டினார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தேன். பெரிய எழுத்தில், பெயிண்டில் எழுதியிருந்தது. அஃபிடவிட்டைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. அதைச் சேர்க்கச் சொல்லி என் பதிவு எண்ணையும் போட்டுக் கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. மறுபடியும் எழுதினேன்.