ஜீப்பில் என் இடம்

காலை ஆறு மணிக்கு ஏலத்தோட்டத்து ஜீப் என் மாவுக்கடையைத் தாண்டும். கிரைண்டரில் அரிசி பாதி அரைந்துகொண்டிருந்தாலும் சரி, வாசலுக்கு வந்துவிடுவேன். பதினோரு வருடம் அந்த ஜீப்பில் போனவள் நான். கோம்பையில் ஏறி, கம்பம்மெட்டு மலையைத் தாண்டி, கேரளாவில் இறங்கி ஏலக்காய் எடுத்துவிட்டுப் பொழுது சாயத் திரும்புவோம். பின்சீட்டில் ஓரத்து இடம் என்னுடையது. பக்கத்தில் என் கூட்டாளி.

கூட்டாளி என்றால் சும்மா இல்லை. செடிக்கு இந்தப் பக்கம் நான் குத்தவைத்தால் அந்தப் பக்கம் அவள். என்னை அட்டை கடித்தால் அவள் உப்பு வைப்பாள். எனக்கு மேலுக்கு முடியவில்லை என்றால் என் கூடையிலும் நாலு கை அள்ளிப் போடுவாள். ஜீப்பில் ஏறி உட்கார்ந்ததும் என் தோளில் சாய்ந்து தூங்கிவிடுவாள். சேலையெல்லாம் எச்சில். எத்தனை நாள் திட்டியிருப்பேன்! இப்போது அந்தத் தோளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன், எனக்கென்ன கிறுக்கா?

தேனியில் ஓர் அறக்கட்டளை, கிராமத்துப் பெண்கள் சொந்தத் தொழில் செய்யப் பணம் கொடுத்தது. திருப்பிக் கட்ட வேண்டாம். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து மாவுக்கடை வைக்கிறோம் என்று போய்க் கேட்டோம்.

"கூட்டா குடுத்தா சண்டை வருதும்மா. தனித்தனியா எழுதிக் குடுங்க" என்றார் அலுவலகத்து அம்மா.

எழுதிக் கொடுத்தோம். திரும்பும் பஸ்ஸில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏ புள்ள, எவளுக்கு வந்தாலும் அடுத்தவள ஜீப்புல இருந்து எறக்கிவிடணும். சத்தியம் பண்ணு."

பண்ணினேன். எனக்குத்தான் வந்தது.

பெரிய கிரைண்டரும் ஃப்ரிட்ஜும் வந்து இறங்கிய அன்று என்னைவிட அவள்தான் அதிகம் சிரித்தாள். கிரைண்டருக்குச் சந்தனம், குங்குமம் வைத்ததும் அவள்தான். ஜீப்பில் என் இடத்தில் தன் தூக்குவாளியை வைத்துக்கொண்டு போனாள். வேறு யாரையும் உட்கார விடவில்லை. ரெண்டு மாதம் பொறு, வியாபாரம் பிடிக்கட்டும் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். ரெண்டு ஏழானது. வாடிக்கை சேர்ந்தது. என் புருஷன் முதல்முறையாக என்னிடம் செலவுக்குக் காசு கேட்டு நின்றார். பொய் சொல்வானேன், பெருமையாகத்தான் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கடைக்கு வந்தாள். உளுந்து களைந்துகொண்டிருந்தேன். கேட்காமலே உட்கார்ந்து தானும் கை போட்டாள். சத்தியத்தைக் காப்பாற்ற இதுதான் நேரம் என்று நினைத்தேன். வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று சொன்னேன்.

"நாளைக்கே வந்துரு. அங்கன என்ன கூலி குடுக்காகளோ, அதை நானும் குடுத்துர்றேன்."

தண்ணீருக்குள் அவள் கை நின்றது. பிறகு முழு உளுந்தையும் களைந்து முடித்துவிட்டு, "நாளைக்குத் தோட்டத்துல வேலை இருக்கு" என்று எழுந்து போய்விட்டாள்.

கூலியாம் கூலி. நெல்லைக் கொட்டினால் அள்ளலாம்.

நாலாம் நாள் அவள் வீட்டு வாசலில் போய் நின்றேன். கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"தப்பாச் சொல்லிட்டேன். கடை நம்ம ரெண்டு பேருக்கும்தான். வர்றதுல பாதி உனக்கு."

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் ரெண்டு பேசி, அழுது, சரியாகியிருக்கும்.

"அந்த ஆபீஸ்காரக குடுத்திருந்தா வாங்கியிருப்பேன். அவுகளுக்கு என்னையத் தெரியாது. நீ மொதல்ல கூலின்ன, இப்பப் பாதிங்கிற. பாவம் பாத்துக் குடுக்கிற. அதை உங்கிட்ட நான் எப்படி வாங்க?"

"பாவமெல்லாம் இல்லடி. நீ இல்லாம எனக்கு அங்கன இருக்க முடியல."

ஈரச் சேலையை உதறியபடி என்னைப் பார்த்தாள். "இதை மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல" என்றாள்.

அதற்குப் பிறகும் தூக்குவாளி என் இடத்திலேயே போனது. என் நம்பிக்கையெல்லாம் அதன் மேல்தான். கடையில் இன்னொரு முக்காலி வாங்கிப் போட்டேன். அதில் வேறு யாரையும் உட்காரச் சொன்னதில்லை.

போன வாரம் ஜீப் தாண்டும்போது வழக்கம்போல் வாசலுக்கு வந்தேன். தூக்குவாளி அவள் மடியில் இருந்தது. என் இடத்தில் ஒரு புதுப் பெண் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண்ணின் தோளில் சாய்ந்து என் கூட்டாளி தூங்கிக்கொண்டிருந்தாள்.