கரும்பலகையில் ஒரு தோட்டா உறை

பிலோமினா மிஸ் காலமான செய்தி எங்கள் பழைய ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. பெயரில் எழுத்துப் பிழை. கீழே ஒரு ரோஜாப்பூப் படம், அதற்கும் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். தலவாக்கலையில் பஸ் மாறுவதற்காக நின்றிருந்த எனக்கு அழுகை வருவதற்கு முன் எரிச்சல்தான் வந்தது. காலமெல்லாம் பிள்ளைகளின் எழுத்துப் பிழையைச் சிவப்பு மையால் சுழித்த மனுஷிக்கு இதையாவது சரியாகச் செய்யக் கூடாதா?

அவரோடு படிப்பித்தவர்களுக்கும் அவரிடம் படித்தவர்களுக்கும் நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அவரோடு ஒரே பாடசாலையில் வேலை செய்வது லேசான காரியமல்ல. ஹட்டன் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலை எங்களுடையது. உயர்தர வகுப்பில் அவர் இரசாயனவியல், நான் பௌதிகவியல். மழையில் கூரை ஒழுகுகிறது என்று சொன்னால்கூட, தகரம் எப்படித் துருப்பிடிக்கிறது என்று ஆரம்பித்துவிடுவார். நமக்குக் கையில் தேநீர் ஆறிக்கொண்டிருக்கும். “சும்மா சொல்லாதீங்க சேர், ஏன்னு சொல்லுங்க” என்பது அவர் வாயில் ஓயாத பேச்சு.

அந்தப் பாடம் நடந்த நாளில் நான் பக்கத்து வகுப்பில் இருந்தேன். நடுவில் வெறும் பலகைத் தடுப்புதான், அவர் குரலுக்கு அதுவும் போதாது. பல்பகுதியங்கள், அதாவது பிளாஸ்டிக், நைலோன் போன்ற பொருட்கள் பற்றிய அலகு. சரண்யா என்ற மாணவி ஒரு வெற்றுத் தோட்டாவைக் கொண்டுவந்து மேசையில் வைத்திருக்கிறாள். சிவப்பு பிளாஸ்டிக் குழாய், அடியில் பித்தளை.

“எங்க மரக்கறித் தோட்டத்துல பன்னி சுட வந்தவங்க போட்டுட்டுப் போனது மிஸ். இது பிளாஸ்டிக்தானே? சுட்டா உருகிப் போகாதா?”

வேறு யாராக இருந்தாலும் அதை வெளியே வீசச் சொல்லியிருப்பார்கள். மிஸ் சோக்கட்டியை எடுத்துப் படம் வரையத் தொடங்கினார். பன்றி சுடும் துப்பாக்கியில் அழுத்தம் குறைவு, அதனால் பிளாஸ்டிக் தாங்குகிறது. இராணுவத் துப்பாக்கியில் அழுத்தம் மிக அதிகம், அதனால்தான் இத்தனை காலமும் பித்தளை உறை. இப்போது அதையும் பல்பகுதியத்தில் செய்யப் பார்க்கிறார்கள். எடை நன்றாகக் குறைகிறது. வெப்பத்தையும் எளிதில் கடத்தாது. ஆனால் கழுத்துப் பகுதி விரிசல் விடுகிறது, அடிப்பகுதியோ அழுத்தம் தாங்காமல் பிய்ந்துவிடுகிறது. அதனால் அடிப்பகுதியை மட்டும் உலோகத்திலேயே வைத்துக்கொள்கிறார்கள். தடுப்புக்கு இந்தப் பக்கம் என் மாணவர்களும் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“எடை கொறைஞ்சா நல்லதுதானே மிஸ்?” என்று ஒரு பையன் கேட்டான்.

“யாருக்குடா நல்லது? தூக்கிட்டுப் போறவனுக்கு லேசா இருக்கும். லேசா இருந்தா இன்னும் நெறைய தூக்குவான். உறைதான்டா லேசாகுது. மேல படுறவனுக்கு ஒண்ணும் கொறையல.”

பாடம் என்றால் அந்தக் கடைசி வாக்கியம்தான். ஆனால் யாரோ ஒருவர் கரும்பலகையை மட்டும் கைபேசியில் படம் எடுத்தார். பெற்றோர் குழுவுக்குப் போன படம் அங்கிருந்து எங்கெங்கோ போய், தமிழ் டீச்சர் தோட்டா செய்யப் படிப்பிக்கிறார் என்ற சிங்கள வரியோடு திரும்பி வந்தது. சில பெற்றோர் முறைப்பாடு செய்ய, மறுநாள் பொலிஸ் வந்தது. அப்போதைய பாடசாலை அதிபர் வகுப்புக்குள் ஓடிவந்து, “அழிச்சிருங்க மிஸ், அழிச்சிருங்க!” என்று தன் கைக்குட்டையாலேயே கரும்பலகையைத் துடைத்தார். அதில் அன்றைக்கு இருந்தது சவர்க்காரம், அதாவது சோப்பு பற்றிய பாடம்.

பொலிஸ் நிலையத்துக்கு நானும் கூடப் போனேன். பொறுப்பதிகாரி சிங்களத்தில் கேட்டார், மிஸ் சிங்களத்தில் பதில் சொன்னார். சுருக்கமாகச் சொல்லுங்கள் என்று வழியெல்லாம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். அவரோ அதிகாரியிடமே ஒரு தாளும் பேனாவும் கேட்டு, அதே படத்தை மறுபடியும் வரைய ஆரம்பித்தார். மேசைக்குக் கீழே அவர் காலை மிதித்தேன். “ஏன் சேர் மிதிக்கிறீங்க?” என்று சத்தமாகக் கேட்டார். அதிகாரிக்குத் தமிழ் புரிந்தது. சிரித்துவிட்டார். பாடநூலைப் புரட்டிப் பார்த்தார், எங்களுக்குப் பிளேன்டீ வரவழைத்துக் கொடுத்தார், போகச் சொல்லிவிட்டார்.

அங்கே முடிந்ததை நம் ஆட்கள் முடியவிடவில்லை. மன்னிப்புக் கேட்டால் பிரச்சினை தீரும் என்றார் அதிபர். “பாடத்துல என்னா பிழைன்னு காட்டுங்க சேர், கேக்குறேன்” என்றார் மிஸ். யாராலும் காட்ட முடியவில்லை. பாடசாலையின் நற்பெயர் என்று சொல்லி அவரைப் பூண்டுலோயாப் பக்கம் மாற்றினார்கள். பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. பதிலுக்கு ஆள் வரவில்லை. நற்பெயரோடு இருந்த எங்கள் பாடசாலையில் இரசாயனவியல் மட்டும் இல்லை.

சனிக்கிழமைகளில் இரண்டு பஸ் மாறி வந்து, எங்கள் கோயில் மண்டபத்தில் மீதிப் பாடங்களை நடத்தினார். முறைப்பாடு செய்தவர்களின் பிள்ளைகளும் வந்தார்கள். அவர் பெருந்தன்மையாக வாய்மூடி இருந்தார் என்று எழுத ஆசைதான். இல்லை. “வாங்க வாங்க, ஒங்க அப்பா பயந்த பாடம் இன்னும் பாக்கி இருக்கு” என்று வாசலிலேயே சொல்லித்தான் உள்ளே விட்டார். பாடத்தில் மட்டும் யாருக்கும் குறை வைக்கவில்லை. சரண்யா இன்று இரசாயனவியல் ஆசிரியை.

கடைசியாக அவரை ஆஸ்பத்திரியில் பார்த்தபோது, கையில் ஏற்றியிருந்த மருந்துக் குழாயைக் காட்டித் தாதியிடம் பேசிக்கொண்டிருந்தார். முன்பு உள்ளே உலோக ஊசியே இருக்கும், இப்போது பல்பகுதியக் குழாய், கையோடு சேர்ந்து வளைகிறது என்று விளக்கம். மூச்சு வாங்கியது, ஆனாலும் நிறுத்தவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

“இந்த உதாரணத்த அன்னைக்கே சொல்லியிருந்தா ஒங்களுக்கு ஒரு கஷ்டமும் வந்திருக்காதே மிஸ்?”

“அந்தப் புள்ள கையில கொண்டு வந்தது ஊசி இல்லீங்களே சேர். தோட்டா. கையில இருக்குறத விட்டுட்டு வேற எத நான் சொல்றது?”

அடக்கத்தன்று அந்தப் பழைய அதிபர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பேசினார். “யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவர்” என்றார். என் பக்கத்தில் நின்ற சரண்யா, “பொய்!” என்றாள். முன்வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. அவள் தலையைக் குனியவில்லை.

மிஸ்ஸிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது, காரணம் கேட்காமல் எதையும் விடாத அந்தப் பொறுமையின்மையைத்தான். சென்ற வாரம் ஆசிரியர் கூட்டத்தில், பிள்ளைகள் பாடத்துக்கு வெளியே கேள்வி கேட்டால் பரீட்சைக்கு வராது என்று சொல்லிவிடுங்கள் என்றார் இப்போதைய அதிபர். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் எழுந்து நின்றேன்.

“ஏன்னு சொல்லுங்க சேர்” என்றேன்.