அக்கா கேட்டால் பிரைவசி

தொலைபேசி கம்பெனியில் நான் கடைசியாக வேலை பார்த்தது ரெக்கார்ட்ஸ் பிரிவில். யார் யாருக்குப் போன் செய்தார், எந்த டவர் பக்கம் இருந்தார் எல்லாம் எங்கள் சிஸ்டத்தில் கிடக்கும். போலீசிடமிருந்து கடிதம் வந்தால் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

இது தெரிந்த சொந்தபந்தம் சும்மா இருக்குமா? மகளுக்கு வரன் வந்ததும், கிள்ளானிலிருந்து அக்கா பிரிக்பீல்ட்ஸில் இருந்த என் வீட்டுக்கே வந்துவிட்டாள். மாப்பிள்ளை பூச்சோங் ஊர்ப் பையன். நாலு பேரிடம் விசாரிப்பதுதான் நம் வழக்கம். இவளுக்கு என்னிடம் விசாரித்தாலே போதுமாம். பையன் யாரோடெல்லாம் பேசுகிறான் என்று பார்த்துச் சொல்லச் சொன்னாள். அது பிரைவசி, முடியாது என்றேன். முகத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

கல்யாணம் நிச்சயமாகிக் கொஞ்ச நாளில் ஒரு கடிதம் வந்தது. காரணம், தேசியப் பாதுகாப்பு. வேறு விளக்கம் கிடையாது. கேட்டிருந்த நம்பர் அக்கா மகனுடையது. கேரி தீவில் எஸ்டேட் தொழிலாளர் வீடுகளைக் காலி செய்யச் சொன்னதை எதிர்த்து ஆட்களைத் திரட்டிக்கொண்டிருந்தான். எனக்குத் தெரிந்து அவன் செய்த குற்றம் அதுதான்.

மேனேஜருக்கு என் மகன் வயது. என் அக்கா பையன், என்ன செய்தான் என்றாவது கேளுங்கள் என்று கெஞ்சினேன்.

“அங்கிள், அவங்க கேட்டா குடுக்கணும். ஏன்னு கேக்குறது நம்ம வேலை இல்ல லா. வெளிய மூச்சு விட்டுடாதீங்க.”

கடிதத்தை என்னிடமிருந்து வாங்கி வேறு ஆளிடம் கொடுத்தார். அன்றைக்கே அவன் போன் விவரம் எல்லாம் போலீசுக்குப் போய்விட்டது.

பையனைப் பிடித்து வைத்து விசாரித்தார்கள். அவன் பேசிய ஒவ்வொருவரையும் கூப்பிட்டார்கள். மச்சான் ஆகப்போகிறவர் என்று மாப்பிள்ளையோடு அடிக்கடி பேசியிருக்கிறான், அவரையும் விடவில்லை. கடைசியில் கேஸ் ஒன்றும் இல்லை என்று பையனை அனுப்பிவிட்டார்கள். ஆனால் போலீஸ் கண் வைத்த குடும்பத்தில் பெண் எடுக்கப் பயமாக இருக்கிறது என்று மாப்பிள்ளை வீட்டார் ஒதுங்கிக்கொண்டார்கள்.

அக்கா வந்தாள். உட்காரவில்லை.

“மாப்பிள்ள யார்கூட பேசுறாருன்னு நான் கேட்டப்ப பிரைவசின்னே. அவங்க கேட்டதும் அள்ளிக் குடுத்துட்டீங்க. அப்ப உன் பிரைவசி எனக்கு மட்டுந்தானாடா?”

வந்த காலோடு திரும்பிப் போய்விட்டாள்.

ரெக்கார்ட்ஸ் பிரிவுக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். கடிதத்தில் ஒரு நம்பர்தான் இருக்கும். அந்த ஆளோடு சேர்ந்து கெட்டுப்போகிற வீடுகள் அதில் இருக்காது. அக்கா மகள் இன்னும் கிள்ளானில் அம்மா வீட்டில்தான் இருக்கிறாள்.